பச்சையாத் தெரிஞ்ச கம்மா

புரட்டாசி 6, திங்கள்

வெயிலு. காத்து சுத்தமா இல்ல. மாட்டுத்தாவணியில எறங்கி காலேஜுக்கு நடக்குறதுக்குள்ள சட்டை முதுகுல ஒட்டிருச்சு.

கா. 8.20. கம்ப்யூட்டர் ரூம் தெறந்தேன், ஏசி போட்டேன். இன்னிக்கிச் சோலி:
கேமரா நாலு, சார்ஜு.
மைக்கு ரெண்டு. ஒண்ணுல பஞ்சு காணோம். எலியா பிள்ளைகளா, தெரியல.
பிரிண்டர் மை. சொல்லியாச்சு, வரல.
வீட்டுக்கு சீயக்கா. மறக்கக் கூடாது.

இந்த டைரி உரக்கடையில ஓசியா குடுத்தது. போன வருசத்தது. அச்சடிச்ச தேதியப் பாக்கக் கூடாது, நம்ம தேதி நமக்கு. என் எழுத்து பெருசு, பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் நிக்கும். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்ல. மேலூர்ல சினிமா போஸ்டர் ஒட்டுனேன், பசை வாளியும் ஏணியுமா. எழுத்தக் கத்துக்கிட்டது அந்தச் சுவத்துலதான். ஒவ்வொரு எழுத்தும் ஆள் ஒசரம். ஒருநா மழை வந்து, உரிச்ச போஸ்டரப் போத்திக்கிட்டு மாட்டுக் கொட்டாயில நின்னப்ப, கூட இருந்த மொக்கையன் என் முதுகுல இருக்கத எழுத்துக்கூட்டிப் படிச்சுக் காமிச்சான். ரெண்டு வார்த்தைக்கு ஒரு மழை முடிஞ்சுருச்சு. மொக்கையன் பிறகு கேரளாவுக்குப் போயி அங்கேயே பொண்ணு கட்டிட்டான். அது கெடக்கட்டும்.

எஸ்தர் மேடம் பத்திரிக்கைப் பாடம் நடத்துறது வேற மாதிரி. புஸ்தகம் கொஞ்சந்தான். மத்ததெல்லாம் பிள்ளைக செஞ்சு காட்டணும். செல்லுல தொட்டா பேசுற படம், தேச்சா சுத்துற படம், வெளையாட்டு மாதிரி செய்தி. செஞ்சத வெளிய விடுறதுக்கு முன்னாடி நான் பெருவெரல வச்சுப் பாக்கணும். "சோலைண்ணனுக்கு வெளங்கலைன்னா ஊருக்கு வெளங்காது"ன்னு முத நாளே பிள்ளைககிட்ட சொல்லிருவாக. நான் பாத்துட்டு நோட்டுல "பார்த்தேன், சோலை"ன்னு எழுதணும். அது இல்லாம ஒண்ணும் வெளிய போகாது. தண்ணி கொண்டா, டீ கொண்டான்னு கெடந்தவன். இப்ப நாலு வருசமா இந்தக் கையெழுத்து.

இன்னிக்கிப் பாத்தது: கண்ணுல மாட்டுற பொட்டி. மாட்டுனா கீழக்குயில்குடி சமணர் மலை. தலையத் திருப்புனா மலையும் திரும்புது, தாமரைக் குளமும் திரும்புது. அடிவாரத்துல அய்யனார் கோயிலு. என்னைய அறியாம செருப்பக் கழட்டிட்டேன். பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கல. ஒருத்தி எழுதிக்கிட்டா, "செருப்பைக் கழற்றினார்". அவுகளுக்கு அதான் பாஸ் மார்க்காம்.

சீயக்கா மறந்துட்டேன்.

புரட்டாசி 8, புதன்

மேகம் கூடுது, கலையுது. மழை இல்ல.

நஸ்ரினோட தண்ணிப் படம் இன்னிக்கித்தான் என் கைக்கு வந்துச்சு. அந்தப் பிள்ளைக்கு வீடு மதுரை டவுனுக்குள்ள, அத்தா பூட்டுச் சாவிக் கடை வச்சிருக்காரு. கூட சேந்து செய்யிறவன் விக்கி, கம்ப்யூட்டர் வேலை அவனது. ஆனியில ஆரம்பிக்கும்போது ரெண்டுக்கும் வெவசாயம்னா என்னன்னே தெரியாது.

"அண்ணே, நெல்லுக்கு ஒரு செடி, அரிசிக்கு ஒரு செடியா?"ன்னா. விக்கி கெக்கேன்னு சிரிச்சான்.

"நீ ஏன்டா சிரிக்கிற, நீ சொல்லு பாப்போம்"னேன்.

"கோதுமைச் செடிதான்ணே எனக்குத் தெரியாது"ன்னான்.

அப்படிப்பட்ட பிள்ளை மூணு மாசமா மேலூர்ப் பக்கம் பஸ்ஸுலயும் நடையாவும் அலைஞ்சு கம்மா கம்மாயாப் பாத்து, வாய்க்கா ஆபீஸ்ல பட்டியலக் கேட்டு வாங்கி, செல்லுல ஒரு படம் போட்டுட்டா. வாய்க்காத் தண்ணிய மொறை வச்சுத்தான் விடுவாக; இந்த மொறையில எந்தக் கம்மாய்க்குத் தண்ணி, எதுக்கு இல்லைன்னு அதுல பாத்துக்கலாம். கம்மாய அமுக்குனா சின்னதா ஒரு பொட்டியில எழுத்து வரும். மொதல்ல குரலும் வச்சுருவோம்னாக, நேரம் பத்தல.

"உங்க ஊரு கம்மாய அமுக்குங்கண்ணே."

அமுக்குனேன். நம்ம கம்மா பச்சைப் பசேல்னு இருந்துச்சு. தத்ரூபம். கருவேல முள்ளு மண்டி நாலு வருசமா அப்படித்தான் கெடக்கு, கரையில நின்னு பாத்தா வெறும் பச்சைதான். மேல இருக்குற மூணு கம்மாயும் செம்மண் நெறம், புதுத்தண்ணி வாரப்ப அந்த நெறந்தான். மேல இருக்கவனுக்குத் தண்ணி, வாய்க்கா வால்ல இருக்க நமக்கு முள்ளு. எப்பவும் உள்ள கதை. சரியாப் போட்டிருக்கு பிள்ளைன்னு நெனச்சேன்.

அப்புறம் முள்ளுலருந்து ஞாபகம் வந்து எங்க எருமை ஒருதடவை அந்த முள்ளுக்குள்ள போயி மூணு நாளு காணாமப் போனத சொன்னேன். தண்டோரா போட்டு, கோயில்ல குறி கேட்டு, கடைசியில அது கன்னு போட்டு நிக்கிது உள்ளுக்குள்ள, சொகமா. விக்கி வாயப் பொளந்து கேட்டான். நஸ்ரின்தான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே இருந்தா. இன்னிக்கிச் சாயங்காலத்துக்குள்ள மேடத்துட்ட குடுக்கணும்.

"அண்ணே, எப்படி இருக்கு?"

"கரெக்டா இருக்கு தாயி. நம்ம ஊரு அப்படியேதான் இருக்கு."

"கீழ எழுத்து வந்துச்சுல்ல. படிச்சீங்களா?"

"படிச்சேன்."

படிக்கல. இதுல எழுதுறதுக்கு என்ன வெக்கம். எழுத்து எறும்பு மாதிரி இருந்துச்சு. கண்ணாடி வீட்டுல இருக்குன்னு ஒரு வருசமா எல்லார்ட்டையும் சொல்லிக்கிட்டுத் திரியுறேன், வீட்டுல கண்ணாடியே இல்ல. அம்புட்டுப் பிள்ளைக நிக்கையில ஒவ்வொரு எழுத்தா வாயசைச்சுப் படிக்க ஒரு மாதிரி இருக்கு.

"பார்த்தேன், சோலை." போட்டுக் குடுத்தேன்.

புரட்டாசி 10, வெள்ளி

படம் நேத்துக் காலையில வெளிய போயிருச்சு. ஊர் ஊருக்கு வாட்சப் குரூப்பு இருக்குல்ல, பால் சொசைட்டிக்கு ஒண்ணு, கோயிலுக்கு ஒண்ணு, அப்படி எல்லாத்துலயும்.

விக்கி ஒரு கருப்புத் திரையப் பாத்துக்கிட்டு எத்தனை பேரு அமுக்குறாகன்னு எண்ணுறான். ஏறிக்கிட்டே இருக்காம். ஆனா அவனுக்கு ஒரு கொறை. "அண்ணே, நெறையப் பேரு படத்த மட்டும் வெட்டி அனுப்புறாய்ங்க. அமுக்குற மாதிரி அனுப்ப மாட்டேங்குறாய்ங்க."

"எப்படியோ போனாச் சரிடா மாப்ள."

நஸ்ரின் வீட்டுலருந்து தம்ரூட்டு வந்துச்சு, ரவையில நெய்ய விட்டுச் சுட்டது. அவுக அம்மா செஞ்சதாம். எனக்கு ரெண்டு துண்டு. ஒண்ண பேப்பர்ல மடிச்சு என் சம்சாரம் பஞ்சவர்ணத்துக்குக் கொண்டாந்தேன். "என்ன விசேசம்"னா. நான் கையெழுத்துப் போட்ட படம் முப்பது ஊருக்குப் போயிருக்குன்னேன். "சீயக்கா எங்க"ன்னா.

புரட்டாசி 12, ஞாயிறு

கா. வெயிலு, மதியம் புழுக்கம்.

மச்சான் வீட்டுக்குப் போனேன். பஞ்சவர்ணத்தோட அண்ணன், பெரியசாமி. ரெண்டு தெரு தள்ளித்தான். போகையில வாசல் அடுப்புல பெரிய கொப்பரை ஏறியிருக்கு, அடியில தீ. அக்கா, அதான் மச்சான் சம்சாரம், ஆவி மொகத்துல அடிக்க நெல்லத் தள்ளிவிடுது.

"என்னக்கா, நெல்லு அவிக்கிறீக?"

"வெத நெல்லு. ஒங்க மச்சான் அவிக்கச் சொல்லிட்டாரு."

எனக்குச் சுருக்குன்னுச்சு. வெத நெல்லுன்னா அவுக வீட்டுல தொட மாட்டாக. மச்சானோட வயலு, அவுக அய்யா கூலிக்கு நட்டது. மச்சான் பாலம் கட்டுற வேலைக்கு ஊர் ஊராப் போயி அத வாங்கி எட்டு வருசம் ஆகுது. ரெண்டு மூட்டை வெத, வேப்பங்கொழுந்து போட்டுக் கட்டி, வீட்டுக்குள்ள சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருப்பாரு. ஊதுபத்தி காமிக்கிறப்ப மூட்டைக்கும் ஒரு சுத்து.

மச்சான் கட்டில்ல உக்காந்து செல்லக் காமிச்சாரு. "இந்தா பாரு மாப்ள. இந்த மொறையும் நமக்குப் பட்டை நாமந்தான். பச்சையாப் போட்டிருக்கான் பாரு, முள்ளக் கூட வெட்டலன்னு தெரிஞ்சுதான் போட்டிருக்கான்."

நஸ்ரின் படந்தான். வெட்டி அனுப்புனது. யாரோ அனுப்பி, யாரோ அனுப்பி, மச்சானுக்கு வந்திருக்கு.

"தண்ணி இல்லைன்னா வெதைய வச்சு என்னத்துக்கு, அடுத்த வருசம் பாதி மொளைக்காது. வீட்டுலயும் அரிசி தீந்துபோச்சு. ஒரு மூட்டைய அவிச்சாச்சு. இன்னொண்ண வச்சிருப்போமான்னு ஒரு யோசனை. ஒருவேளை தண்ணி வந்துட்டா?"

அப்பத்தான் நான் வாயத் தெறந்தேன்.

"மச்சான், அது எங்க காலேஜுப் படம். நான் பாத்துக் கையெழுத்துப் போட்டுத்தான் வெளிய வந்துச்சு."

மச்சான் என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. "நீயா?"

"நாந்தான்."

"அப்பறம் என்ன. நீயே பாத்துட்ட." அக்காவப் பாத்து, "ஏத்தா, அந்த மூட்டையவும் ஊறப்போடு, நாளைக்கி அவிச்சிருவோம்."

எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. காபி குடுத்தாக. பாலம் கட்டுற எடத்துல மச்சான் பாம்பப் புடிச்ச கதைய மறுபடியும் கேட்டேன். போன தடவை சாரை, இந்தத் தடவை நல்ல பாம்பு ஆயிருச்சு.

புரட்டாசி 13, திங்கள்

என்ன நாளுடா சாமி.

வரிசையா எழுதுறேன். கா. 9 மணி. நான் கேமராவுக்கு ஒயர் சொருகிக்கிட்டு இருக்கேன். நஸ்ரின் பையக் கூட எறக்கல, வந்த வேகத்துல,

"சோலைண்ணே, புதன்கிழமை உங்க ஊருக்குத் தண்ணி! எல்லாரும் சந்தோசமா இருக்காகளா?"

"எங்க ஊருக்கா? இல்ல தாயி, எங்களுக்கு இந்த மொறை இல்ல."

"என்னண்ணே, படத்துல பாத்தீங்கள்ல? பச்சை போட்டிருக்கோம்ல?"

"பச்சைன்னா முள்ளு."

"பச்சைன்னா தண்ணிண்ணே! சிக்னல்ல செவப்புன்னா வண்டி நிக்கும், பச்சைன்னா போகும். தண்ணி போகும்னு பச்சை. மண்ணு நெறம்னா வறண்டது. மேல மூணு கம்மாய்க்கும் போன வருசத்து மொறையில தண்ணி விட்டாங்க, அதான் இந்தத் தடவை அதுகளுக்கு இல்ல."

கையில ஒயரு. கொப்பரை கண்ணு முன்னாடி நின்னுச்சு.

மச்சானுக்குப் போன் போட்டேன். அடிக்குது, எடுக்கல. அவரு செல்ல சார்ஜுல போட்டுட்டு வெளிய போயிருவாரு. அக்காட்ட போன் இல்ல. பஞ்சவர்ணத்துக்குப் போட்டேன்.

"ஏய், ஒங்க அண்ணன் வீட்டுக்கு ஓடு. நெல்ல அவிக்க வேணாம்னு சொல்லு."

"மாவு ஆட்டிக்கிட்டு இருக்கேன்."

"மாவு கெடக்கட்டும்டி. தண்ணி வருது. ஓடு."

"யாரு சொன்னா தண்ணி வருதுன்னு?"

"நாந்தான் சொல்றேன்."

"நேத்து நீங்கதான வரலைன்னு சொன்னீக?"

"தப்பாச் சொன்னேன். ஓடு."

போன கட் பண்ணாமயே ஓடுனா போல. கால் சத்தம், நாய் சத்தம். அப்புறம் அக்கா குரல். "அடுப்புப் பத்தவச்சுட்டேனே!" பெறகு ஒரு வாளித் தண்ணிய ஊத்துன மாதிரி புஸ்ஸுன்னு. பஞ்சவர்ணம் மூச்சு வாங்குறா. "அணைச்சாச்சு. நெல்ல இன்னும் கொப்பரையில போடல. தொட்டியில ஊறிக்கிட்டுத்தான் இருக்கு."

ஊறுனது மொளைக்கும். அவிச்சது மொளைக்காது. ரெண்டு மூட்டையில ஒண்ணு தப்பிச்சுச்சு.

போன வச்சுட்டுத் திரும்பிப் பாத்தா நஸ்ரின் அங்கனயே நிக்கிறா. எல்லாத்தையும் கேட்டுட்டா.

"ஒரு மூட்டை போச்சாண்ணே?"

"போச்சு."

"படிச்சேன்னு சொன்னீங்களேண்ணே." சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தாத் தேவல. "கீழ 'புதன் முதல் நீர் வரும்'னு எழுதியிருந்தேன். ரெண்டு தடவை கேட்டேன்."

ஒரு தடவைதான் கேட்டா. ஆனா அதச் சொல்லுற நேரமா.

"படிக்கல தாயி. எழுத்து சிறுசு. எனக்கு அம்புட்டு வேகமாப் படிக்க வராது."

பைய மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டா. நான் நேரா மேடம் ரூமுக்குப் போனேன். கதவுக்கு வெளிய கொஞ்ச நேரம் நின்னேன். உள்ள போயி அம்புட்டையும் சொன்னேன். எருமைக் கதையக் கூட சொன்னேன், ஏன்னு தெரியல. மேடம் கேட்டுக்கிட்டாக. கடைசியில,

"உங்க ஊரு ஒண்ணு. மத்த ஊருகள்ல என்ன நெனச்சிருப்பாங்க சோலை?"

அது எனக்கு அதுவரைக்கும் தோணவே இல்ல. மேல இருக்க கம்மாக்காரவுக புதுத்தண்ணி வருதுன்னு நாத்துப் பாவி, இருந்த வெதையக் காய விட்டிருந்தா?



புரட்டாசி 14, செவ்வாய்

தூறல். ஏசி போடல.

மேடம் எங்கள மூணு பேரையும் உக்கார வச்சாக. என்னையவும் நாற்காலியில. படத்த நேத்தே எடுத்துட்டாக. ஆனா வெட்டி அனுப்புனது ஊரெல்லாம் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும், அத யாராலயும் எடுக்க முடியாதாம்.

"செய்தி தப்பாப் போச்சுன்னா, எந்த வழியாப் போச்சோ அதே வழியாத் திருத்தம் போகணும். இன்னிக்கே. தப்பு யாருதுன்னும் சொல்லணும்."

விக்கி ஒரு படம் வரைஞ்சு அதுல எழுதிப் போடலாம்னான். நஸ்ரின் இன்னிக்கி மொதத் தடவையா வாயத் தெறந்து, "மறுபடியும் எழுத்தாடா?"ன்னா.

அப்ப குரல்ல போடணும். நஸ்ரின் பேசிப் பாத்தா. நல்லாத்தான் பேசுனா. ஆனா டவுனுப் பேச்சு. எங்க பக்கத்து ஆளுக இது ஏதோ கடன் குடுக்குற கம்பெனி போனுன்னு பாதியில அமத்திருவாக. நான் சொன்னேன், "நான் பேசுறேன்"னு.

சொன்ன பெறகுதான் யோசிச்சேன். முப்பது ஊரு. அதுல பஞ்சவர்ணத்தோட சித்தப்பன் ஊரு ஒண்ணு. என் தங்கச்சி கட்டிக் குடுத்த ஊரு ஒண்ணு. அங்கெல்லாம் நான் காலேஜுல இருக்கவரு. நல்லது கெட்டதுக்குப் போனா நாற்காலி போடுவாக, பத்திரிக்கையக் கையில குடுத்து "படிங்க மாமா"ம்பாக, நான் பெரிய எழுத்த மட்டும் பாத்துட்டு மண்டைய ஆட்டுவேன்.

நஸ்ரின் சொன்னா, "உங்க பேரு வேணாம்ணே. தப்பான கலர் வச்சது நான். என் பேரைச் சொல்லுங்க."

"பேரில்லாமச் சொன்னா எவன் தாயி நம்புவான்? ஒன் பேர சொன்னா யாரு அதுன்னு கேப்பான்."

அர நிமிசத்துக்குள்ள சொல்லணும். எனக்கு அதான் பெரிய பாடு. மொதல்ல பேசுனது நாலு நிமிசம். கம்மாய்க்கு யாரு கரை போட்டதுங்குறதுலருந்து ஆரம்பிச்சுட்டேன். ரெண்டாவது, போஸ்டர் ஒட்டுன கதை. மூணாவதுல தும்மல். விக்கி ஒவ்வொரு தடவையும் "சூப்பர்ணே, ஆனா"ம்பான். அஞ்சாவதோ ஆறாவதோ, நஸ்ரின் சொன்னா,

"அண்ணே, ஒரு வீட்டுல கொப்பரைக்கு முன்னாடி நிக்கிறாங்க. கையில நெல்லு மூட்டை. என்ன சொல்லுவீங்க?"

சொன்னேன்:

"நான் திருவாதவூர்ப் பக்கம் சோலை பேசுறேன். செல்லுல வந்த கம்மாப் படத்துல பச்சைன்னா தண்ணி வருது, மண்ணு நெறம்னா வரல. நான் எழுத்தப் படிக்காமப் படிச்சேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். எங்க வீட்டு வெத நெல்லு ஒரு மூட்டை வெந்துபோச்சு. நீங்க அவிக்காதீக. மண்ணு நெறமாத் தெரிஞ்ச கம்மாக்காரவுக நாத்துப் பாவாதீக."

விக்கி "ஆனா" சொல்லல. ஒரு தடவ எல்லாருங் கேட்டோம். மேடம் "அனுப்பு"ன்னாக. அனுப்பிட்டான். திரும்பி எடுக்க முடியாது.

வெளிய வந்து டீ குடிச்சேன். 

பிறகு மேடம் கூப்பிட்டு, நோட்டுல இனிமே "பார்த்தேன்"னு எழுத வேணாம்னுட்டாக. போச்சுடா வேலைன்னு நின்னேன். அப்படி இல்லையாம். பாத்த பெறகு என்ன பாத்தேன்னு பிள்ளைககிட்ட வாயால சொல்லணுமாம். முள்ளு தெரிஞ்சா முள்ளுன்னு. அவுக எழுதிக்கிருவாகளாம். "எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல"ன்னாக. அவுகளுக்குத் தெரியாது எம்புட்டு நேரம் ஆகும்னு.

புரட்டாசி 15, புதன்

கா. மூட்டம். லீவு சொல்லிட்டு ஊருல இருந்தேன்.

கம்மாய்க்குத் தண்ணி பத்து மணி வாக்குல வந்துச்சு. மொதல்ல நொரை, செத்தை, ஒரு பிளாஸ்டிக் சேரு. பெறகு செவப்பா மொங்கு மொங்குன்னு. முள்ளுக்குள்ள பூந்து போகையில சரசரன்னு சத்தம். எளவட்டமெல்லாம் செல்லத் தூக்கிக்கிட்டு நிக்கிது.

என் குரலு எனக்கு முன்னாடி ஊருக்குள்ள வந்துருச்சு. டீக்கடையில நான் போறேன், உள்ள நானே பேசிக்கிட்டு இருக்கேன். ஒருத்தன், "வாங்க, படிக்காம கையெழுத்துப் போடுறவரே, இந்தப் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க"ன்னு டீ கிளாஸ நீட்டுறான். எல்லாரும் சிரிக்கிறாய்ங்க. நானும் சிரிச்சேன். கொஞ்சம் எரிஞ்சுச்சு, இல்லைன்னு சொல்லல.

தங்கச்சி போன் போட்டா. மேலக் கம்மா ஊருல நாத்துப் பாவ ஏர் பூட்டுனவன் ஒருத்தன் என் குரலக் கேட்டு நிப்பாட்டிட்டானாம். "அண்ணே, அந்த ஆளு ஒன்னைய நல்ல மாதிரிதான் சொன்னாரு"ன்னா. அவ என்னையத் தேத்துறதுக்கும் சொல்லுவா, நெசமாவும் இருக்கும்.

மச்சான் பேசல. மொளை கட்டுன வெதைய நாத்தங்கால்ல பாவிக்கிட்டு இருந்தாரு. நான் வரப்புல நின்னேன். கைய வீசி வீசிப் போட்டாரு. பாதி வயலுக்குத்தான் ஆகும். மீதிக்கு வெத எங்கயாச்சும் கேக்கணும், இந்த நேரத்துல எவன்கிட்ட இருக்கும். முடிச்சுட்டுக் கைய அலசிக்கிட்டு என்னையத் தாண்டிப் போயிட்டாரு.

சாயங்காலம் அக்கா வந்து பஞ்சவர்ணத்துட்ட ஒரு படி புழுங்கரிசி குடுத்துட்டுப் போச்சு. அந்த நெல்லுதான். பஞ்சவர்ணம் அத அடுக்குப் பானைக்குள்ள வச்சா. பொங்கவா வேணாமான்னு என்னையக் கேக்கல.

புரட்டாசி 17, வெள்ளி

நல்ல காத்து. வெயிலு அவ்வளவா இல்ல.

காலேஜு இன்னிக்கி நம்ம ஊருக்கு வந்துருச்சு. மேடம், விக்கி, நஸ்ரின். கையில கலர் பேப்பர வட்ட வட்டமா வெட்டிக் கொண்டாந்திருக்காக, பன்னெண்டு நெறம். ஒவ்வொரு வீடா, ஒவ்வொரு கடையா நீட்டி, "இந்த நெறத்தப் பாத்தா கம்மாயில என்ன இருக்குன்னு தோணுது?"ன்னு கேக்குறது. புதுப் படம் அதுக்கு அப்புறந்தானாம்.

எழுதி வச்சுக்கிட்டது கொஞ்சம்:
நீலம். "வானம். கம்மாயி எப்ப நீலமா இருந்துச்சு?" (பால்காரரு)
மஞ்சள். "மாரியம்மன்."
கரும்பச்சை. ஒம்பது பேரு முள்ளு. ஒரு கெழவரு, "ஆகாயத்தாமரை, அதுவும் சனியந்தான்."
செம்மண். பதினோரு பேரு புதுத்தண்ணி.
வெள்ளை. "உப்புப் பூத்த கம்மா, காஞ்சது."
ரோஸ். "இத ஏம்மா காட்டுற?"

நஸ்ரின் எல்லாத்தையும் எழுதுனா. என்கூட அளவாத்தான் பேசுனா. திங்கக்கெழமைலருந்தே அப்படித்தான்.

மதியம் மச்சான் வீட்டுல சாப்பாடுன்னு அக்கா சொல்லிவிட்டுருச்சு. எனக்கு அங்க போகக் கால் வரல. மச்சான் மூணு நாளா என்கூடப் பேசல. போனோம். எல போட்டாக. புரட்டாசின்னு கவுச்சி இல்ல. கத்திரிக்காக் கொழம்பு, அவரைக்கா, அப்பளம், மோரு. நஸ்ரின் "சோறு நல்லா இருக்குங்க அக்கா"ன்னா.

மச்சான் தூண்ல சாஞ்சு நின்னவரு சொன்னாரு, ரொம்பச் சாதாரணமா,

"நல்லாத்தான் இருக்கும் தாயி. வெத நெல்லு. பொறுக்கிப் பொறுக்கிக் கட்டி வச்சது."

விக்கிக்குப் புரிய ஒரு நொடி ஆச்சு. நஸ்ரினுக்கு உடனே புரிஞ்சுருச்சு. வாய்க்குப் போன கை அப்படியே எலைக்கு எறங்கிருச்சு. மேடம் தலையக் குனிஞ்சுக்கிட்டாக. அக்கா, "என்னங்க நீங்க, பிள்ளை சாப்பிடுற நேரத்துல"ன்னுச்சு.

நஸ்ரின் எந்திரிச்சுப் போயிருவான்னு நெனச்சேன். போகல. மச்சான நிமிந்து பாத்து, "அண்ணே, அந்தக் கலர் வச்சது நான்தான். சோலைண்ணன் படிச்சிருந்தாலும் பாதிப் பேருக்கு எழுத்து போயிருக்காது. படத்த வெட்டித்தான் அனுப்பியிருப்பாங்க. வேற யாருக்கிட்டயும் கேக்காம நானா வச்சேன்"னா.



அவ குனிஞ்சு சாப்பிட ஆரம்பிச்சா. வேகமா இல்ல. கொழம்ப ஊத்திப் பெசஞ்சு, எல ஓரத்துல ஒட்டுனத வெரலால சேத்து, ஒண்ணு விடாம. முடிச்சுட்டு எலைய மூடல. அக்காவப் பாத்து, "இன்னுங் கொஞ்சம் போடுங்க"ன்னா.

மச்சானே வந்து சட்டியத் தூக்கிப் போட்டாரு. ரெண்டு கரண்டி. அப்பறம் என் எலையப் பாத்து, "என்ன மாப்ள, நீ ஏன் மோருக்கு நிக்கிற, நீ அந்த மூட்டை முழுசையும் திங்கணும்"னாரு. எனக்கும் போட்டாரு.

கையக் கழுவிட்டு நஸ்ரின் அந்த வட்டப் பேப்பரக் கொண்டாந்து மச்சான் முன்னாடி தரையில பரப்புனா. "நீங்க சொல்லுங்கண்ணே. தண்ணி வரும்னா எது?"

மச்சான் குந்த வச்சு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒண்ண எடுத்தாரு, வச்சாரு. இன்னொண்ண எடுத்து வெளிச்சத்துல புடிச்சாரு. "இது எதுவும் இல்ல தாயி. வா, காட்டுறேன்"னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக் கெளம்பிட்டாரு. நஸ்ரின் செருப்ப மாட்டாமப் பின்னாடி ஓடுறா, விக்கி கேமராவோட. வாய்க்காத் தண்ணி வயல்ல ஏறுற எடத்துக்குப் போறாக. நானும் வாரேன்னு கத்திட்டு, கையோட கொண்டாந்த டைரியில இத எழுதிக்கிட்டு இருக்கேன். மிச்சத்த வந்து எழுதுறேன்.